பூட்டிக் கிடக்கும் ஃபோல்டரைத் திறப்பது எப்படி: வீட்டுக் கணினி வைத்திருப்போருக்கு

பங்குனி, சித்திரையிலும் ஐப்பசியிலும் மலையகத்தில் பிற்பகல் இடி மின்னல் வழக்கம். ஒரு மின்னலில் கணினியின் பவர் சப்ளையும் மதர்போர்டும் போய்விடும். ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். அதைக் கழற்றி வேறொரு லேப்டாப்பில் மாட்டிப் பார்த்தால் உங்கள் பெயர் போட்ட ஃபோல்டர் தெரிகிறது. திறக்கப் போனால் 'உங்களுக்கு அனுமதி இல்லை' என்று ஒரு பெட்டி வருகிறது. "ஃபோட்டோ எல்லாம் அழிஞ்சிருச்சு அண்ணே" என்று கடையில் வந்து நிற்பவர்கள் பலர் இந்த இடத்திலிருந்துதான் வருகிறார்கள். ஒன்றும் அழியவில்லை. ஃபோல்டர் பூட்டியிருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் அது எந்த வகைப் பூட்டு என்று பார்க்காமல் கண்டதையும் அழுத்தினால் நல்ல கணினியும் கெட்டுவிடும்.

இங்கே சொல்வது விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும். பொத்தான்களின் பெயரையும் கட்டளைகளையும் ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். திரையில் அவை ஆங்கிலத்தில் இருக்கும். நீங்கள் தட்டும்போதும் ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும்.

முதலில் எந்தப் பூட்டு என்று பாருங்கள்

ஒரு ஃபோல்டர் கைக்கு எட்டாமல் போக ஐந்து காரணங்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் வழி வேறு.

முதலாவது, மறைத்து வைத்த ஃபோல்டர். இது பூட்டே கிடையாது, திரை போட்டிருக்கிறது. சி டிரைவில் 'புரோகிராம்டேட்டா', உங்கள் பெயருள்ள ஃபோல்டருக்குள் 'ஆப்டேட்டா' இரண்டும் இந்த வகை. விண்டோஸ் 11 இல் ஃபைல் எக்ஸ்புளோரரின் மேலே 'வியூ', அதில் 'ஷோ', அதில் 'ஹிடன் ஐட்டம்ஸ்'. விண்டோஸ் 10 இல் 'வியூ' பட்டியிலேயே அந்தச் சதுரம் இருக்கும். டிக் போட்டதும் மங்கலான நிறத்தில் தெரியும்.

'ஃபோல்டர் ஆப்ஷன்ஸ்' பெட்டியில் 'ஹைட் புரொடெக்டட் ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்' என்று இன்னொரு டிக் உண்டு. அதை எடுத்தால் இன்னும் ஆழமானவை வெளியே வரும். வேலை முடிந்ததும் அந்த டிக்கைத் திரும்பப் போட்டுவிடுங்கள். போடாமல் விட்டால் டெஸ்க்டாப்பில் 'டெஸ்க்டாப் டாட் ஐஎன்ஐ' என்ற பெயரில் இரண்டு ஃபைல் மங்கலாகத் தோன்றும். வைரஸ் என்று நினைத்துப் பிள்ளைகள் அழிப்பார்கள்; அடுத்து மற்ற ஃபைல்களிலும் கை வைப்பார்கள்.

இரண்டாவது, கைகாட்டி மட்டும். அந்த இரண்டாவது டிக்கை எடுத்ததும் சி டிரைவில் 'டாக்குமென்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்' என்று ஒரு ஃபோல்டர் தெரியும். தட்டினால் அனுமதி மறுப்பு. உங்கள் பெயருள்ள ஃபோல்டருக்குள் 'மை டாக்குமென்ட்ஸ்', 'அப்ளிகேஷன் டேட்டா', 'லோக்கல் செட்டிங்ஸ்' ஆகியவையும் அப்படியே. ஐகானின் மூலையில் சிறு அம்புக்குறி இருக்கும். உள்ளே எதுவும் இல்லை. விண்டோஸ் எக்ஸ்பி காலத்துப் பழைய மென்பொருள்கள் பழைய விலாசத்தைத் தேடி வந்தால் புதிய இடத்துக்குத் திருப்பிவிடுவதற்காக அதற்கு அடுத்த பதிப்பான விஸ்டாவில் வைத்தது, இன்றும் தொடர்கிறது. இதைத் திறக்க ஒரு முழுச் சனிக்கிழமையைச் செலவழிப்பவர்கள் இருக்கிறார்கள். தேவையே இல்லை. அது காட்டும் உண்மையான இடம் 'யூசர்ஸ்' ஃபோல்டர். நேராக அங்கே போங்கள்.

மூன்றாவது, அனுமதிப் பூட்டு. எந்தக் கணக்கு எந்த ஃபோல்டரைத் திறக்கலாம், எழுதலாம், அழிக்கலாம் என்று டிஸ்கிலேயே ஒரு பட்டியல் எழுதியிருக்கும். பழைய டிஸ்க் திறக்காததற்குக் காரணம் இதுதான். பட்டியலில் இருப்பது உங்கள் பெயர் என்று நினைப்பீர்கள். உண்மையில் இருப்பது கணக்கின் நீண்ட எண். பழைய கணினியில் 'செல்வி' என்று ஒரு கணக்கு, புதியதிலும் 'செல்வி' என்று ஒரு கணக்கு இருந்தாலும் எண் வேறு. விண்டோஸ் எண்ணைத்தான் பார்க்கும், பெயரைப் பார்க்காது. 'என் பெயர்தானே, ஏன் திறக்க மாட்டேன் என்கிறது' என்ற குழப்பத்துக்கு விடை இதுதான்.

நான்காவது, உரிமையாளர் பூட்டு. 'விண்டோஸ்', 'புரோகிராம் ஃபைல்ஸ்' ஃபோல்டர்களின் முக்கியப் பகுதிகளுக்கு உரிமையாளர் நீங்களும் இல்லை, அட்மினிஸ்ட்ரேட்டரும் இல்லை. 'டிரஸ்டட் இன்ஸ்டாலர்' என்ற ஒரு சேவை. இதுவும் விஸ்டாவில் வந்த ஏற்பாடு. அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கில் இருந்தும் அழிக்க முடியாத ஃபைல் என்றால் பெரும்பாலும் இதுவே காரணம்.

ஐந்தாவது, மறைகுறியாக்கம்: டிஸ்கில் உள்ளதெல்லாம் சாவி இல்லாமல் படிக்க முடியாத குறியீடாக மாற்றப்பட்டிருக்கும். பிட்லாக்கர் அல்லது 'டிவைஸ் என்கிரிப்ஷன்' போட்ட டிஸ்க். மற்ற நான்கையும் திறக்கலாம். சாவி இல்லாமல் இதைத் திறக்க முடியாது. எந்தக் கடைக்காரராலும் முடியாது. முடியும் என்று சொல்லிப் பணம் கேட்பவரிடம் டிஸ்கைக் கொடுக்காதீர்கள்.

'கன்டினியூ' என்ற பொத்தான்

பூட்டிய ஃபோல்டரைத் தட்டியதும் வரும் பெட்டியில் 'கன்டினியூ' என்று ஒரு பொத்தான் கேடய அடையாளத்தோடு நிற்கும். எல்லோரும் யோசிக்காமல் அழுத்துவது அதைத்தான். பெட்டியில் உள்ள வாசகத்தை நிதானமாகப் படியுங்கள்: அந்த ஃபோல்டருக்கு 'பெர்மனன்ட்' ஆக, அதாவது நிரந்தரமாக, அனுமதி தரும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. ஒரு தடவை எட்டிப் பார்க்கத்தான் நீங்கள் அழுத்துகிறீர்கள்; விண்டோஸோ உங்கள் கணக்கை அந்த ஃபோல்டரின் பட்டியலில் நிரந்தரமாக எழுதிவிடுகிறது.

ஏன் அப்படி? நீங்கள் அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கில் இருந்தாலும் ஃபைல் எக்ஸ்புளோரர் சாதாரண அதிகாரத்தோடுதான் ஓடுகிறது. தற்காலிகமாக அதிகாரத்தைக் கூட்டிக்கொண்டு உள்ளே போய் வர அதற்கு வழி இல்லை. ஆகவே பட்டியலையே மாற்றுகிறது. பழைய டிஸ்கில் இதனால் கேடு இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் சி டிரைவில், அதிலும் 'விண்டோஸ்ஆப்ஸ்', 'சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன்' போன்றவற்றில், அழுத்தாதீர்கள். உங்கள் கணக்கு எதைத் திறக்கலாமோ அதை உங்கள் கணக்கில் நுழையும் வைரஸும் திறக்கும்.

பார்த்துவிட்டு மட்டும் வர வேண்டுமென்றால் செவன்-சிப் போன்ற, தனக்கென்று ஃபைல் பட்டியல் உள்ள ஒரு மென்பொருளை வலது கிளிக் செய்து 'ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுத்துத் திறந்து, அதற்குள்ளிருந்து பாருங்கள். மூடியதும் அதிகாரமும் போய்விடும், பட்டியல் மாறாது.

பழைய டிஸ்கிலிருந்து பொருளை வெளியே எடுப்பது

பூட்டோடு மல்லுக்கட்டுவதை விட உள்ளே இருப்பதை நகல் எடுத்து வெளியே கொண்டுவருவது சுலபம், பாதுகாப்பும்கூட. அதற்கான கருவி விண்டோஸிலேயே இருக்கிறது. கடையில் வாங்க வேண்டியது சாட்டா-யுஎஸ்பி கேபிள் ஒன்றுதான்.

கேபிளில் ஒரு கவனம். லேப்டாப்பிலிருந்து கழற்றிய 2.5 அங்குல டிஸ்கும் சாட்டா எஸ்எஸ்டியும் யுஎஸ்பி மின்சாரத்திலேயே ஓடும். மேசைக் கணினியின் 3.5 அங்குல டிஸ்குக்கு 12 வோல்ட் தனியாக வேண்டும். ஆகவே அடாப்டரோடு வரும் கேபிளைக் கேட்டு வாங்குங்கள். அடாப்டர் இல்லாத கேபிளில் பெரிய டிஸ்கை மாட்டினால் அது சுழலவே சுழலாது. 'டிஸ்க் செத்துவிட்டது' என்று பலர் முடிவு கட்டுவது இந்த இடத்தில்தான். மாட்டியதும் 'டிக், டிக்' என்று ஒரே சீரான சத்தம் வந்துகொண்டே இருந்தால் உடனே கழற்றிவிடுங்கள். அது பூட்டுக் கோளாறில்லை, உள்ளே இயந்திரக் கோளாறு. ஓட விட விடத் தரவு குறையும். 'ஃபார்மட் செய்ய வேண்டும்' என்று பெட்டி வந்தால் 'கேன்சல்'. எத்தனை தடவை வந்தாலும் 'கேன்சல்'.

டிஸ்க் எடுத்துக்காட்டாக 'ஈ' டிரைவாகத் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம்.

1. உங்கள் கணினியில், போதிய இடம் உள்ள டிரைவில், 'மீட்பு' என்று புதிய ஃபோல்டர் ஒன்று உருவாக்குங்கள். தமிழில் பெயர் வைத்தாலும் ஒன்றும் ஆகாது; தயக்கமாக இருந்தால் ஆங்கிலத்தில் வையுங்கள்.

2. 'ஈ' டிரைவில் 'யூசர்ஸ்' திறந்து, உங்கள் பெயருள்ள ஃபோல்டரைத் திறக்காமல், அதன் மேல் வலது கிளிக் செய்து 'காப்பி அஸ் பாத்' எடுங்கள். விண்டோஸ் 10 இல் ஷிஃப்டை அழுத்திக்கொண்டு வலது கிளிக் செய்தால்தான் அந்த வரி தெரியும். இப்போது முழு விலாசமும் மேற்கோள் குறிகளோடு கையில் இருக்கிறது. பெயருக்கு நடுவே இடைவெளி இருந்தாலும் அந்த மேற்கோள் குறி காப்பாற்றும்.

3. ஸ்டார்ட்டில் 'சிஎம்டி' என்று மூன்று எழுத்துத் தட்டி, வரும் 'கமாண்ட் பிராம்ப்ட்' மேல் வலது கிளிக் செய்து 'ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுங்கள். தலைப்பில் 'அட்மினிஸ்ட்ரேட்டர்' என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்த பிறகே மேலே போங்கள். இல்லையென்றால் அடுத்த படி வேலை செய்யாது.

4. 'ரோபோகாப்பி' என்று தட்டுங்கள்: ஆர், ஓ, பி, ஓ, சி, ஓ, பி, வை. ஓர் இடைவெளி விட்டுப் பழைய ஃபோல்டரின் விலாசத்தை ஒட்டுங்கள். இன்னோர் இடைவெளி விட்டு 'மீட்பு' ஃபோல்டரின் விலாசத்தையும் அதே முறையில் எடுத்து ஒட்டுங்கள். அதன் பின்னால், ஒவ்வொன்றுக்கும் நடுவே இடைவெளி விட்டு, சாய்கோடு இ, சாய்கோடு பி, சாய்கோடு எக்ஸ்ஜே, சாய்கோடு ஆர் முக்காற்புள்ளி 1 (நடுவே இடைவெளி இல்லாமல்), சாய்கோடு டபிள்யூ முக்காற்புள்ளி 1 (இதுவும் அப்படியே), சாய்கோடு எக்ஸ்டி, 'ஆப்டேட்டா' (ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக). பிறகு என்டர்.

இவை ஒவ்வொன்றும் என்ன செய்கின்றன என்று தெரிந்தால் மறக்காது. 'இ' உள்ளே உள்ள எல்லா ஃபோல்டர்களையும், வெறுமையானவை உட்பட, எடுக்கும். 'பி' தான் மந்திரம்: பேக்கப் அதிகாரத்தில் படிப்பதால் அனுமதிப் பட்டியலை மீறிப் போகும், ஆனால் பட்டியலில் ஓர் எழுத்தைக்கூட மாற்றாது. 'எக்ஸ்ஜே' முன்பு சொன்ன கைகாட்டிகளைத் தவிர்க்கும். இதை விட்டுவிட்டால் கைகாட்டி தன் வீட்டுக்கே திரும்பத் திரும்ப வழிகாட்டி, ஃபோல்டருக்குள் ஃபோல்டராக முடிவில்லாமல் நகல் எடுத்து டிஸ்கை நிரப்பிவிடும். 'எக்ஸ்டி' தனக்குப் பின்னால் பெயர் சொன்ன ஃபோல்டரை விட்டுவிடும். 'ஆர்', 'டபிள்யூ' இரண்டும் படிக்க முடியாத ஃபைலை எத்தனை தடவை, எத்தனை விநாடி இடைவெளியில் திரும்ப முயல்வது என்பது. இவற்றைத் தராவிட்டால் ரோபோகாப்பி ஒரே ஃபைலை 30 விநாடிக்கு ஒரு தடவையாகப் பத்து இலட்சம் தடவை முயலும். இரவு முழுக்க ஓட விட்டுக் காலையில் வந்து பார்த்தால் அதே ஃபைலில் நின்றுகொண்டிருக்கும்.

ஓடும்போது தமிழ்ப் பெயருள்ள ஃபைல்கள் கறுப்புத் திரையில் கேள்விக்குறியாகவோ கட்டமாகவோ தெரியும். அந்தத் திரைக்குத் தமிழ் காட்டத் தெரியாது. நகல் ஒழுங்காகவே போய்ச் சேரும். முடிந்ததும் ஓர் அட்டவணை வரும். அதில் 'ஃபெயில்டு' என்ற நிரலைப் பாருங்கள். எல்லா வரியிலும் 0 என்றால் முழுமையாக வந்துவிட்டது. எண் இருந்தால் மேலே உருட்டிப் போய் எந்த ஃபைல் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயம் மட்டும் ஏமாற்றம் தரலாம். பழைய கணினியில் ஒன்டிரைவ் ஓடிக்கொண்டிருந்தால் 'டாக்குமென்ட்ஸ்', 'பிக்சர்ஸ்', 'டெஸ்க்டாப்' மூன்றும் ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் இருக்கக்கூடும். அவற்றில் மேக அடையாளம் போட்டிருந்தவை டிஸ்கில் கிடையாது, பெயர் மட்டுமே இருக்கும். அவற்றைப் பழைய மின்னஞ்சல் கணக்கில் நுழைந்து இணையத்திலிருந்துதான் இறக்க வேண்டும்.

ஆப்டேட்டாவிலிருந்து எடுக்க வேண்டியவை

'ஆப்டேட்டா'வைத் தவிர்த்ததற்குக் காரணம், அதில் பெரும்பகுதி தற்காலிகக் குப்பை; பல ஜிபி இருக்கும். ஆனால் மூன்று பொருள்களை அதிலிருந்து தனியாக எடுத்துக்கொள்வது நல்லது.

எங்கள் வீடுகளில் முதலில் தேட வேண்டியது பாமினி. பிள்ளைகளின் சாதாரண தரக் குறிப்புகள், சங்கக் கடிதங்கள், கோயில் திருவிழா நோட்டீசுகள், பழைய விண்ணப்பங்கள் என்று ஏராளமான வேர்ட் ஃபைல்கள் இன்னும் பாமினியில் இருக்கின்றன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கிடக்கும்; ஃபைல் கெட்டுவிட்டது என்று அழித்துவிடுகிறார்கள். எழுத்துரு இரண்டு இடத்தில் இருக்கலாம். ஒன்று, 'விண்டோஸ்' ஃபோல்டருக்குள் 'ஃபான்ட்ஸ்'. மற்றது, விண்டோஸ் 10 இன் 1809 பதிப்பு முதல், 'ஆப்டேட்டா', 'லோக்கல்', 'மைக்ரோசாப்ட்', 'விண்டோஸ்', 'ஃபான்ட்ஸ்' என்று உள்ளே உள்ளே போனால் வருவது. அட்மினிஸ்ட்ரேட்டர் அனுமதி கேட்காமல் நிறுவிய எழுத்துருக்கள் இங்கேதான் போய் உட்காரும். இரண்டிலிருந்தும் ரோபோகாப்பியால் எடுக்கலாம்: விலாசங்கள் இரண்டுக்கும் பிறகு, விண்மீன் குறி, புள்ளி, டிடிஎஃப் என்று சேர்த்தால் எழுத்துருக்கள் மட்டும் வரும்.

புதிய கணினியில் நிறுவும்போது எழுத்துருவின் மேல் வலது கிளிக் செய்து 'இன்ஸ்டால் ஃபார் ஆல் யூசர்ஸ்' கொடுங்கள். வெறும் 'இன்ஸ்டால்' கொடுத்தால் உங்கள் கணக்குக்கு மட்டும் சேரும். தம்பியின் கணக்கில் திறந்தால் அதே குழப்பம் மறுபடி வரும், சில பழைய மென்பொருள்களுக்கும் அது தெரியாது. லதா எழுத்துருவைக் காணோம் என்பவர்கள் தேடி அலைய வேண்டாம். செட்டிங்ஸில் 'ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்' பகுதியில் 'தமிழ் சப்ளிமென்டல் ஃபான்ட்ஸ்' என்று இருக்கிறது. சேர்த்தால் லதாவும் விஜயாவும் வந்துவிடும்.

அடுத்தது வேர்ட். ஆடிக் காற்றில் மரம் சாய்ந்து கரண்ட் போகும்போது பாதி எழுதிய பாடக் குறிப்பு போய்விட்டதென்றால், முழுவதும் போயிருக்காது. வேர்ட் வழக்கமாக 10 நிமிடத்துக்கு ஒரு தடவை தானாக ஒரு நகல் வைக்கும். 'ஆப்டேட்டா', 'ரோமிங்', 'மைக்ரோசாப்ட்', 'வேர்ட்' என்ற வழியில் ஏஎஸ்டி என்று முடியும் ஃபைலைத் தேடுங்கள். பெயர் வைத்துச் சேமிக்காமலே மூடியது என்றால் 'ஆப்டேட்டா', 'லோக்கல்', 'மைக்ரோசாப்ட்', 'ஆஃபிஸ்', 'அன்சேவ்டு ஃபைல்ஸ்'. இவை நிரந்தரமாக இருக்காது, சில நாளில் வேர்ட்டே அழித்துவிடும். கரண்ட் வந்த அன்றே பாருங்கள். டபுள் கிளிக்கில் திறக்காவிட்டால் வேர்ட்டைத் திறந்து அதன் 'ஓப்பன்' வழியாகத் திறக்க வேண்டும்.

மூன்றாவது குரோம். 'ஆப்டேட்டா', 'லோக்கல்', 'கூகுள்', 'குரோம்', 'யூசர் டேட்டா', 'டிஃபால்ட்' என்ற ஃபோல்டரில் 'புக்மார்க்ஸ்' என்று விரிபெயர் இல்லாத ஒரு ஃபைல். அதைப் புதிய கணினியில் அதே இடத்தில், குரோமை மூடிவிட்டு, வைத்தால் புக்மார்க்குகள் வந்துவிடும். கடவுச்சொற்களை இப்படி எடுக்க முடியாது. அவை பழைய விண்டோஸ் கணக்கின் சாவியால் பூட்டப்பட்டவை. ஃபைலைக் கொண்டுவந்தாலும் வெறும் குப்பைதான்.

உரிமையை மாற்றியே தீர வேண்டும் என்றால்

பழைய டிஸ்கை அப்படியே இரண்டாவது டிஸ்காக வைத்துத் தினமும் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் உரிமையாளரை மாற்றலாம். ஃபோல்டரின் மேல் வலது கிளிக், 'ப்ராபர்ட்டீஸ்', 'செக்யூரிட்டி', 'அட்வான்ஸ்டு'. மேலே 'ஓனர்' என்ற வரியில் ஒரு நீண்ட எண்ணோ 'காட்ட முடியவில்லை' என்ற வாசகமோ இருக்கும். பக்கத்தில் 'சேஞ்ச்'. பெட்டியில் உங்கள் விண்டோஸ் கணக்கின் பெயரைத் தட்டி 'செக் நேம்ஸ்' அழுத்துங்கள். பெயருக்குக் கீழே கோடு விழுந்தால் சரி. மைக்ரோசாப்ட் கணக்கில் நுழைபவர்களுக்கு அந்தப் பெயர் பெரும்பாலும் மின்னஞ்சலின் முதல் ஐந்து எழுத்து. 'யூசர்ஸ்' ஃபோல்டரில் என்ன பெயர் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

'ஓகே' கொடுத்த பிறகு 'ரிப்ளேஸ் ஓனர் ஆன் சப்கன்டெய்னர்ஸ் அண்ட் ஆப்ஜெக்ட்ஸ்' என்ற டிக்கைப் போட மறக்காதீர்கள். அது இல்லாவிட்டால் வெளிக் கதவு மட்டும் உங்களுடையது. ஒவ்வோர் உள்ளறையும் மறுபடி அனுமதி கேட்கும். முழு அனுமதியும் சேர்த்துத் தரட்டுமா என்று கேட்டால் 'யெஸ்'. பிறகு ஃபைல் ஃபைலாக எழுதிக்கொண்டு போகும். ஆயிரக்கணக்கான ஃபோட்டோ இருந்தால் யுஎஸ்பி வழியாக அரை மணி நேரமும் ஆகலாம். நடுவில் கேபிளை இழுத்தால் பாதி உங்களுக்கு, பாதி பழையவருக்கு என்று நின்றுவிடும். லேப்டாப்பின் பேட்டரி முழுதாக இருக்கும்போது தொடங்குங்கள்.

இதையெல்லாம் ஓடிக்கொண்டிருக்கும் சி டிரைவின் 'விண்டோஸ்', 'புரோகிராம் ஃபைல்ஸ்' மேல் செய்யாதீர்கள். மிக அவசியம் வந்து ஒரே ஒரு ஃபைலில் செய்தே ஆக வேண்டுமென்றால், மாற்றுவதற்கு முன் அந்த 'அட்வான்ஸ்டு' பெட்டியைத் தொலைபேசியில் படம் எடுத்து வையுங்கள். திருப்பிக் கொடுக்கும்போது உரிமையாளர் பெட்டியில் என், டி, இடைவெளி, 'சர்வீஸ்', பின்சாய்கோடு, 'டிரஸ்டட் இன்ஸ்டாலர்' (இரு சொல்லையும் சேர்த்து) என்று முழுதாகத் தட்ட வேண்டும். வெறுமனே 'டிரஸ்டட் இன்ஸ்டாலர்' என்று தட்டினால் அப்படி யாரும் இல்லை என்று சொல்லிவிடும்.

முழு 'விண்டோஸ்' ஃபோல்டரின் அனுமதியையும் குழப்பிவிட்டவருக்குச் சுருக்கு வழி இல்லை. விண்டோஸின் ஐஎஸ்ஓ ஃபைலை (முழு நிறுவல் தொகுப்பை) இறக்கி, அதன் 'செட்டப்'பை உள்ளிருந்தே ஓட்டி, ஃபைல்களை வைத்துக்கொண்டு மேலே நிறுவுவதுதான் நியாயமான தீர்வு. அந்த ஃபைல் 5 ஜிபிக்கு மேல். மாதக் கடைசியில் டேட்டா மிச்சமிருப்பவரால்தான் முடியும்.

இடம் போதவில்லை என்று சி டிரைவைத் துடைப்பவர்களுக்கு

கைமாறி வந்த லேப்டாப்புகளில் 128 ஜிபி எஸ்எஸ்டி சாதாரணம். சிவப்புக் கோடு வந்ததும் 'விண்டோஸ்' ஃபோல்டருக்குள் போய்ப் பெரியதாகத் தெரிவதை அழிக்கத் தோன்றும். எது எது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

'வின்எஸ்எக்ஸ்எஸ்' பல ஜிபி காட்டும். அதில் ஒரு பகுதி பொய்க் கணக்கு: அதே ஃபைல் 'சிஸ்டம்32' இலும் இங்கும் இரு பெயரில் இருக்கும், டிஸ்கில் ஒரு தடவைதான் இடம் பிடித்திருக்கும், எக்ஸ்புளோரர் இரண்டு தடவை கூட்டும். கையால் தொடாதீர்கள். 'விண்டோஸ்' ஃபோல்டருக்குள் மறைந்திருக்கும் 'இன்ஸ்டாலர்' ஃபோல்டரையும் தொடாதீர்கள். அழித்த அன்று ஒன்றும் ஆகாது. மாதங்கள் கழித்து ஆஃபிஸை அப்டேட் செய்யவோ நீக்கவோ போகும்போது மூல ஃபைல் கேட்டு நிற்கும். 'எஸ்ஒய்எஸ்வாவ்64' என்பது வைரஸ் இல்லை. 64 பிட் விண்டோஸில் 32 பிட் மென்பொருள்களுக்கான ஃபைல்கள் அதில் இருக்கின்றன. 64 பிட் ஃபைல்கள் 'சிஸ்டம்32' இல் இருக்கின்றன. பெயரைப் பார்த்தால் தலைகீழாகத் தோன்றும், ஆனால் அப்படித்தான்.

துடைக்கலாம் என்றால் செட்டிங்ஸ், 'சிஸ்டம்', 'ஸ்டோரேஜ்', 'டெம்பரரி ஃபைல்ஸ்' வழியாகத் துடையுங்கள். முந்தைய விண்டோஸின் ஃபைல்கள் உள்ள 'விண்டோஸ் டாட் ஓல்டு'ம் அங்கேயே இருக்கும். புதிய பதிப்புக்கு மாறிய 10 நாளில் விண்டோஸே அதை அழித்துவிடும். அந்தப் பட்டியலில் 'டவுன்லோட்ஸ்' என்றும் ஒரு டிக் உண்டு. நீங்கள் இறக்கி வைத்த அடையாள அட்டைப் பிரதி, சேமலாப நிதிப் படிவம் எல்லாம் அதற்குள் இருக்கலாம். அந்த டிக்கை எடுத்துவிட்டே தொடங்குங்கள்.

இரண்டு சொல் பாதுகாப்புக்கு

சேமிக்கப் போனால் 'ஃபைல் இல்லை' என்று விசித்திரமான செய்தி வந்தால், அனுமதிப் பட்டியலில் குறை இல்லாவிட்டால், 'விண்டோஸ் செக்யூரிட்டி'யில் 'ரேன்சம்வேர் புரொடெக்ஷன்' திறந்து 'கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்' ஓடுகிறதா என்று பாருங்கள். இருந்தால் அதை நிறுத்தாமல், அந்த ஒரு மென்பொருளை மட்டும் அனுமதிப் பட்டியலில் சேருங்கள்.

இன்னொன்று, பெண்பிள்ளைகள் உள்ள வீட்டுக்காரர்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டியது. மேலே சொன்ன அனுமதிப் பூட்டு, விண்டோஸ் தானே ஓடிக்கொண்டிருக்கும் வரைதான் காவல். உங்கள் கடவுச்சொல் தெரியாமலே, டிஸ்கைக் கழற்றி இன்னொரு கணினியில் மாட்டியோ லினக்ஸ் என்ற வேறோர் இயங்குதளம் உள்ள பென் டிரைவிலிருந்து கணினியை இயக்கியோ யாரும் உள்ளே உள்ள எல்லாவற்றையும் பார்க்கலாம். ரோபோகாப்பியால் நீங்கள் செய்ததை வேறொருவரும் செய்யலாம். ஆகவே பழுதுக்குக் கொடுக்கும் முன் முடிந்தால் டிஸ்கைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுக் கொடுங்கள். திரை, சார்ஜர், கீபோர்டு வேலைகளுக்கு டிஸ்க் தேவையில்லை. கழற்ற முடியாத லேப்டாப் என்றால் செட்டிங்ஸில் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி'க்குள் (விண்டோஸ் 10 இல் 'அப்டேட் அண்ட் செக்யூரிட்டி'க்குள்) 'டிவைஸ் என்கிரிப்ஷன்' இருக்கிறதா என்று பாருங்கள். மைக்ரோசாப்ட் கணக்கோடு அமைத்த புதிய விண்டோஸ் 11 லேப்டாப்புகளில் அது உங்களைக் கேட்காமலே ஓடிக்கொண்டிருக்கக்கூடும்.

ஓடிக்கொண்டிருந்தால் இன்றைக்கே அந்த மைக்ரோசாப்ட் கணக்கில் நுழைந்து மீட்புச் சாவியைத் தேடி எடுங்கள். 48 இலக்கம், ஆறாறாக எட்டுத் தொகுதி. அதைக் கணினிக்குள்ளேயே சேமித்து வைப்பதில் பயனில்லை. ஒரு தாளில் பேனாவால் எழுதி, ஒரு தடவை சரிபார்த்து, குடும்பத்தின் பிறப்புச் சான்றிதழ்கள் இருக்கும் கோவையிலேயே வையுங்கள்.